தமிழில் ஒரு பதிவு எவ்வளவு நீளம் இருக்கலாம்: சொல்லை விட்டு நிமிடத்தை எண்ணுங்கள்

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், பலரும் அதற்காகத்தான் இதைத் திறந்திருப்பீர்கள். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லும் வலைப்பதிவுக்கு 400 முதல் 600 தமிழ்ச் சொற்கள் போதும். ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டும் என்றால் 900 முதல் 1,100. அதற்கு மேலும் போகலாம், 2,500 சொல் வரைகூட ஓடலாம், ஆனால் கூடுதலாக வரும் ஒவ்வொரு பத்தியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இவை சட்டம் கிடையாது, நான் எழுதும்போதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும்போதும் கையில் வைத்துக்கொள்ளும் அளவுகள். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துவிட்டால் உங்கள் பதிவுக்கான கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம், என் எண்கள் தேவைப்படாது.

1,600 சொல் யாருடைய கணக்கு

இணையத்தில் எழுதக் கற்றுத்தருகிறோம் என்று வரும் வீடியோக்களைப் பார்த்தால் "1,500 சொல்லுக்குக் குறையாதீர்கள்", "2,000 இருந்தால்தான் கூகுள் மேலே தூக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இந்த எண்கள் ஆங்கிலப் பதிவுகளை எண்ணிப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. அதில் அதிகம் அடிபடுவது, யார் வேண்டுமானாலும் பதிவு எழுதிப் போடக்கூடிய மீடியம் என்ற தளம் 2013 கடைசியில் வெளியிட்ட ஆய்வு. தங்கள் தளத்தில் எவ்வளவு நீளமான பதிவில் வாசகர்கள் சராசரியாக அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்த்து, ஏழு நிமிடப் பதிவு என்று முடிவுக்கு வந்தார்கள். ஏழு நிமிடம் என்பது படங்களையும் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய 1,600 ஆங்கிலச் சொல். நிமிடத்தை எல்லோரும் மறந்துவிட்டு 1,600ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நல்ல பதிவு எந்த நீளத்திலும் படிக்கப்படுகிறது, மோசமான பதிவை இழுத்து நீட்டினால் அது நல்லதாகிவிடாது என்றும் அதே ஆய்வில் சொல்லியிருந்தார்கள், அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொன்று, சிகாகோவில் இருக்கும் ஆர்பிட் மீடியா நிறுவனம் வருடா வருடம் பதிவு எழுதுபவர்களிடம் கேட்டுத் தொகுக்கும் கணக்கு. 2014ல் ஒரு பதிவின் சராசரி நீளம் 808 சொல், 2023ல் அது 1,400ஐத் தாண்டிவிட்டது. இதைக் காட்டி "பாருங்கள், உலகமே நீளமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டது" என்கிறார்கள். இந்தக் கணக்கு சொல்வது எழுதுபவர்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதை மட்டும்தான். படிப்பவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை.

கூகுளைப் பற்றிய பயத்தையும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். எழுதுபவர்களுக்காகக் கூகுளே வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில், நாங்கள் விரும்புகிற சொல் எண்ணிக்கை ஒன்று இருப்பதாக எங்கோ கேள்விப்பட்டு அதற்காக எழுதுகிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படி எதுவும் எங்களிடம் கிடையாது என்று பதிலையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அவர்களே இப்படிச் சொன்ன பிறகும் நாம் எதற்காக இழுக்க வேண்டும்?

தமிழ்ச் சொல் கனமானது

ஆங்கில எண்களைத் தமிழில் அப்படியே போட்டால் ஏன் கணக்கு உதைக்கிறது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம், இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

"படிக்காதவர்களிடமிருந்தும்" என்பது தமிழில் ஒரே சொல். படிப்பது, படிக்காதது, ஆட்கள், பலர், அவர்களிடமிருந்து, அதிலும் 'உம்' என்று இத்தனையும் அந்த ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இதையே சொல்ல ஐந்தாறு தனிச்சொற்கள் வேண்டும். படிப்பவரின் கண்ணுக்கும் மூளைக்கும் வேலை ஏறக்குறைய அதேதான், எண்ணும் கருவி மட்டும் ஒன்று என்று காட்டுகிறது. அதனால் 1,600 தமிழ்ச் சொல் எழுதினால் நீங்கள் கொடுப்பது 1,600 ஆங்கிலச் சொல்லின் பாரத்தை விட நிறைய அதிகம்.

இதற்கு அளந்த ஆதாரமும் உண்டு. 2012ல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் ஒரே உள்ளடக்கம் கொண்ட பத்திகளை 17 மொழிகளில் தயார் செய்து, அந்தந்த மொழிக்காரர்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி நேரம் பார்த்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 228 சொல். ஃபின்னிஷ் படித்தவர்கள் 161, துருக்கி மொழி படித்தவர்கள் 166. பின்லாந்துக்காரர்களோ துருக்கியர்களோ மெதுவாகப் படிப்பவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்த மொழிகளும் தமிழைப் போலவே ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்த்து ஒரே சொல்லில் நிறையச் சொல்லிவிடுகின்றன. தமிழ் அந்த 17ல் இல்லை. ஆனால் நம் சொல்லமைப்பைப் பார்த்தால் நமக்குப் பொருந்துவது ஆங்கிலத்தின் எண்ணை விட இந்த இரண்டு மொழிகளின் எண்தான். நான் 150 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். மனசுக்குள் படிக்கும்போது வேகம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டும் அடுப்படியில் ஒரு கண் வைத்துக்கொண்டும் படிப்பவர்களுக்கு எழுதும்போது தாராளமாகக் கணக்குப் போடுவதே நல்லது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். மீடியத்தின் ஏழு நிமிடம் என்றால் தமிழில் 1,050 சொல். 1,600 சொல் எழுதினால் பத்து நிமிடத்துக்கு மேல். 2,000 என்றால் பதின்மூன்று நிமிடம், போன் திரையில் ஒரே மூச்சில் பதின்மூன்று நிமிடம் படிக்கச் சொல்வது பெரிய கோரிக்கை. அப்படிக் கேட்கலாம், கேட்பதற்குத் தகுந்த விஷயம் கையில் இருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், பல தளங்கள் தலைப்புக்குக் கீழே தானாகக் காட்டும் "5 நிமிட வாசிப்பு" என்ற குறிப்பு. மீடியம் நிமிடத்துக்கு 265 சொல் என்று வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறது. சீனம், ஜப்பான், கொரிய மொழிகளுக்கு மட்டும் எழுத்துகளை எண்ணித் தனிக்கணக்கு. தமிழுக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆகவே அங்கே ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கும் தமிழ்ப் பதிவு உண்மையில் எட்டு ஒன்பது நிமிடம் எடுக்கும். உங்கள் தளத்தில் இப்படி ஒரு பிளகின் இருந்தால் அதன் செட்டிங்கில் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற இடம் அநேகமாக இருக்கும், அதை 150க்கு மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம் என்று நம்பி வந்தவர் ஐந்தாவது நிமிடத்தில் இன்னும் பாதி மிச்சம் இருப்பதைப் பார்த்தால் போய்விடுவார்.

சொல் எண்ணிக்கை என்பதே தமிழில் எழுதுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது என்பதையும் கவனியுங்கள். "வந்துவிட்டது" என்று சேர்த்து எழுதினால் ஒன்று, "வந்து விட்டது" என்று பிரித்தால் இரண்டு. "செய்துகொண்டிருக்கிறார்கள்", "செய்து கொண்டு இருக்கிறார்கள்" என்று ஒன்று மூன்றாகிறது. ஒரே கட்டுரையை இரண்டு பேர் தட்டச்சு செய்தால் கருவி இரண்டு எண் காட்டும். நிமிடம் மாறாது. அதனால்தான் நிமிடத்தை எண்ணச் சொல்கிறேன்.

உங்கள் வாசகரின் வேகம் தெரிய வேண்டும் என்றால் ஒரு சுலபமான வழி உண்டு. எழுதியதைப் போனில் திறந்து, உங்கள் பதிவைப் படிக்கக்கூடிய ஒருவரிடம், அக்காவோ நண்பரோ அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரோ, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சரியாக இரண்டு நிமிடத்தில் நிறுத்தி எந்த வரியில் இருக்கிறார் என்று கேட்டு, அதுவரை உள்ள சொற்களை எண்ணி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேரிடம் பார்த்தால் உங்கள் எண் கிடைத்துவிடும், என் 150ஐ அப்புறம் தூக்கிப் போட்டுவிடலாம்.

வந்தவர் எதற்காக வந்தார்

நீளத்தைத் தீர்மானிப்பது தலைப்பு என்று நினைக்கிறோம். வாசகர் எந்த நிலையில் வந்து சேர்கிறார் என்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வில்லங்கச் சான்றை ஆன்லைனில் பார்ப்பது எப்படி என்று தேடி வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். மனை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், புரோக்கர் நாளைக்கே அட்வான்ஸ் கேட்கிறார், மனதில் ஒரு சந்தேகம். இவருக்கு வேண்டியது எந்தத் தளம், எந்த மெனு, கையில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும், வருகிற காகிதத்தில் எதைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். 500 சொல்லில் முடித்துவிடலாம். இதே பதிவை 1,800 சொல்லில், பத்திரப் பதிவின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்து எழுதியிருப்பதைத் தேடினால் நிறையப் பார்க்கலாம். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போவார், தேடியது கண்ணில் படாமல் பின்னால் போய் அடுத்த முடிவைத் திறப்பார்.

சமையல் குறிப்பும் இதே வகை. வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி என்று பார்க்க வந்தவர் கையில் கரண்டியோடு நிற்கிறார். உங்கள் பாட்டி அதை எப்படி வைப்பார் என்ற கதை நன்றாகவே இருக்கலாம், எனக்கும் அப்படிப்பட்ட கதைகள் பிடிக்கும், ஆனால் அளவும் செய்முறையும் மேலே இருக்கட்டும், கதை கீழே வரட்டும். சமையல் முடிந்து உட்கார்ந்த பிறகு அவர் திரும்ப வந்து படிப்பார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் காவிரிப் பிரச்சினை மாதிரியான விஷயம். ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் பார்த்துப் பார்த்து, "உண்மையில் இது என்னதான்" என்று ஒருவர் தேடி வருகிறார். இவரிடம் 500 சொல்லைக் கொடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மெட்ராஸுக்கும் மைசூருக்கும் இடையே 1892லும் 1924லும் நடந்த ஒப்பந்தங்கள், 1990ல் நடுவர் மன்றம் வந்தது, 2007ல் அதன் இறுதித் தீர்ப்பு, பிறகு 2018ல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது என்று ஒவ்வொரு படியும் முந்தைய படி இல்லாமல் புரியாது. டிஎம்சி என்றால் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லியாக வேண்டும். பற்றாக்குறை வருடத்தில் எப்படிப் பங்கிடுவது என்பதுதான் சண்டையின் மையம் என்பதை விளக்க வேண்டும், அதற்கே இரண்டு மூன்று பத்திகள் போகும். இங்கே 2,000 சொல் எழுதினால் தப்பே இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரத் தயாராகத்தான் அவர் வந்திருக்கிறார், பாதி விளக்கம் கொடுத்தால்தான் கோபப்படுவார்.

எழுத உட்காரும் முன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: யார், எந்த அவசரத்தில், எதைத் தெரிந்துகொள்ள வருகிறார். அந்த வரியை டிராஃப்ட்டின் தலையில் வைத்துவிட்டு எழுதுங்கள். எழுதும்போது எண்ணிக்கையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இலக்கு எண் ஒன்று மூலையில் மின்னிக்கொண்டிருந்தால் கை தன்னால் நீட்ட ஆரம்பிக்கும், 1,000 சொல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவருக்கு 700ல் விஷயம் முடிந்தாலும் மனசு கேட்காது. முழுதாக எழுதி முடித்த பிறகு எண்ணிக்கொள்ளலாம்: கூகுள் டாக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும், வேர்டில் கீழே ஓரத்தில் இருக்கும்.

முதல் திரையில் ஜெயிக்க வேண்டும்

வலைப்பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பல வருடம் ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2008ல் ஒரு கணக்குச் சொன்னார். சராசரியாக ஒரு வருகையில் பக்கத்தில் உள்ள சொற்களில் அதிகபட்சம் 28 சதவீதத்தைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது, உண்மையில் 20 சதவீதத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதே கட்டுரையில் இருந்த இன்னொரு எண்: பக்கத்தில் 100 சொல் கூடினால் வாசகர் கூடுதலாகத் தங்குவது 4.4 விநாடி. அந்த நேரத்தில் 100 சொல்லில் பதினெட்டைத்தான் படிக்க முடியும். நீங்கள் நூறு எழுதுகிறீர்கள், பதினெட்டு போய்ச் சேர்கிறது.

இணையப் பக்கங்களின் வருகையை அளக்கும் சார்ட்பீட் நிறுவனத்தின் டோனி ஹெய்ல் 2014ல் டைம் இதழில் எழுதியதும் இதே திசையில்தான் இருந்தது: அவர்கள் அளந்த பக்க வருகைகளில் 55 சதவீதத்தில் வாசகர் 15 விநாடிகூட உருப்படியாகத் தங்கவில்லை. 15 விநாடி என்றால் தமிழில் 40 சொல்லுக்குள். இந்த இரண்டு கணக்கும் பழையவை, தமிழ்ப் பக்கங்களை வைத்து வந்தவை இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் சுருக்கமாக எழுதிவிட வேண்டியதுதான்" என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த 15 விநாடியில் ஓடிப்போகிறவர்களில் பலர் தவறி வந்தவர்கள், தலைப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள், அவர்களுக்கு 200 சொல் எழுதினாலும் போய்விடுவார்கள். நாம் இழக்கக்கூடாதது சரியான விஷயத்தைத் தேடி வந்து, முதல் 40 சொல்லில் அது கிடைக்கும் என்ற அறிகுறியே தெரியாமல் திரும்பிப் போகிறவரை. பெரும்பாலான தமிழ்ப் பதிவுகளில் ஆள் போகிற இடம் இந்த முன்னுரைதான். நீளமான பதிவின் ஆறாவது பத்தியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் முதல் பத்தியைப் பாருங்கள்.

மேலே சொன்ன வில்லங்கச் சான்று பதிவுக்கே வருவோம். அந்த வகைப் பதிவுகளின் முன்னுரை பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்:

"இன்றைய அவசர உலகில் சொந்தமாக ஒரு வீட்டு மனை வாங்க வேண்டும் என்பது ஒவ்வொரு நடுத்தரக் குடும்பத்தின் வாழ்நாள் கனவாக இருந்து வருகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அப்படி வாங்கும்போது நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான ஆவணங்களில் ஒன்றுதான் வில்லங்கச் சான்று ஆகும். இந்தப் பதிவில் வில்லங்கச் சான்று என்றால் என்ன, அதை ஆன்லைனில் எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றி விரிவாகப் பார்க்கலாம் வாங்க."

47 சொல். வாசகருக்குத் தெரியாத ஒரு செய்திகூட இதில் கிடையாது. மனை வாங்குவது கனவு என்று மனை வாங்கிக்கொண்டிருப்பவரிடமே சொல்கிறோம். கடைசி வாக்கியம் தலைப்பில் இருப்பதைத் திரும்பச் சொல்கிறது. இதை இப்படி மாற்றலாம்:

"வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பார்க்க வேண்டும் என்பது, இவை கையில் இருந்தால் போதும்."

பாதி நீளம். இலவசம் என்று தெரிந்தது, எந்தத் தளம் என்று தெரிந்தது, பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் புரிந்தது. இதற்கு மேல் அவர் படிப்பார், ஏனென்றால் இரண்டு வாக்கியத்திலேயே உங்களால் அவருக்கு உபயோகம் ஏற்பட்டுவிட்டது.

வெட்டும்போது எங்கே கை வைப்பது

முன்னுரைக்கு அடுத்து, தமிழில் நீளம் ஒளிந்திருப்பது வாக்கியங்களின் வாலில். "என்பது குறிப்பிடத்தக்கது", "என்று சொன்னால் அது மிகையாகாது", "என்பதில் எந்தவித மாற்றுக் கருத்தும் இல்லை", "என்பதை நாம் மறுக்க முடியாது" போன்ற வால்களை அடியோடு வெட்டினால் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது, வெட்டியதே தெரியாது. அடுத்து "மேற்கொள்ளப்பட்டு வருகிறது", "வழங்கப்பட்டு வருகிறது" என்ற அலுவலக நடை. "பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன" என்பதை "பராமரிக்கிறார்கள்" என்று சொல்லிவிடலாம், நான்கு சொல் ஒன்றாகிவிடும். அரசு அறிவிப்பையோ பத்திரிகைச் செய்தியையோ பார்த்து எழுதும்போது இந்த நடை நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்ளும், அப்படிப்பட்ட பதிவுகளில் கூடுதல் கவனமாகப் பாருங்கள்.

அதற்கு அடுத்தது ஒரே கருத்தை இரண்டு முறை சொல்வது. முதலில் பொதுவாக ஒரு வாக்கியம், பிறகு உதாரணம், பிறகு "இதிலிருந்து என்ன தெரிகிறது என்றால்" என்று மறுபடி அதே வாக்கியம். உதாரணம் நன்றாக இருந்தால் முன்னாலும் பின்னாலும் இருப்பவை இரண்டும் வேண்டாம். எதை வெட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: எண்கள், பெயர்கள், விலை, வழியில் எங்கே இடறும் என்ற எச்சரிக்கை, நீங்கள் கண்ணால் பார்த்த விவரம். நீளத்தைக் குறைக்கிறேன் என்று இவற்றை எடுத்துவிட்டுப் பொதுவான வாக்கியங்களை விட்டுவைத்தால் பதிவு குட்டையாகும், ஆனால் அதில் படிக்க ஒன்றும் இருக்காது. உதாரணங்களை வெட்டிவிட்டு உபதேசத்தை மட்டும் மிச்சம் வைத்த பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், எழுதியவர் தன்னிடம் இருந்த நல்ல பொருளைத் தானே தூக்கிப் போட்டிருப்பார்.

வெட்டிய பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே உங்களுக்கே அலுப்புத் தட்டி வேகமாகப் படிக்கத் தோன்றுகிறதோ அங்கே வாசகர் விரலால் தள்ளுவார்.

போன் திரையில் எப்படித் தெரிகிறது

நீளம் என்று வாசகர் உணர்வது மொத்தச் சொல்லைப் பொறுத்து மட்டும் இல்லை. போனில் ஒரு திரைக்குத் தமிழில் எழுபது எண்பது சொல்தான் பிடிக்கும். நம் எழுத்துகள் அகலம், சொற்களும் நீளம், ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வராது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதும்போது சில வரிகளில் அழகாகத் தெரிந்த 120 சொல் பத்தி, போனில் திரை முழுக்க அடைத்துக்கொண்டு அடுத்த திரைக்கும் வழியும். எங்கேயும் வெள்ளை இடம் தெரியாது. நன்றாக எழுதப்பட்ட 600 சொல் இப்படி இரண்டு மூன்று பெரிய கட்டிகளாக இருந்தால், பத்தி பிரித்த 1,000 சொல்லை விட நீளமாகத் தோன்றும்.

அதற்காக வாக்கியத்துக்கு வாக்கியம் பத்தி பிரிக்கும் பழக்கமும் வேண்டாம். ஃபேஸ்புக்கில் பரவியிருக்கும் அந்த ஒற்றை வரிப் பத்தி நடை, முதல் ஐந்து வரிக்கு இழுத்துக்கொண்டு போகும், அதற்குப் பிறகு ஒன்றோடொன்று ஒட்டாமல் களைப்பைத் தரும். ஒரு எண்ணம் முடிகிற இடத்தில் பத்தியை முடியுங்கள், 50 முதல் 80 சொல்லுக்குள் பெரும்பாலும் வந்துவிடும், விளக்கம் கேட்கிற இடத்தில் 100ஐத் தாண்டினாலும் பரவாயில்லை. 600 சொல்லுக்கு மேல் போனால் உள்தலைப்பு வையுங்கள். "முன்னுரை", "பயன்கள்", "முடிவுரை" என்று வைத்தால் பிரயோஜனம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வேகமாக ஓட்டிப் பார்ப்பவர் உள்தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கிறார்.

பிரித்துப் போடலாமா

2,500 சொல் வந்துவிட்டது, இரண்டு பாகமாகப் போடட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வார இதழ்களில் "தொடரும்" பார்த்து வளர்ந்த நமக்கு இது இயல்பாகத் தோன்றும். இதழ் அடுத்த வாரம் வீட்டுக்கே வந்துவிடும். பதிவு அப்படி வராது, இரண்டாம் பாகத்தை வாசகர்தான் தேடிப் போக வேண்டும், முதல் பாகம் படித்தவர்களில் சிறு பகுதிதான் போகிறது. தேடல் வழியாக நேராக இரண்டாம் பாகத்துக்குள் விழுபவருக்கோ தலையும் புரியாது வாலும் புரியாது. அதனால் தனித்தனிக் கேள்விகள் இரண்டு உள்ளே இருந்தால் பிரியுங்கள், இரண்டும் தனியாக நிற்கட்டும், ஒன்றிலிருந்து மற்றதுக்கு இணைப்புக் கொடுங்கள். காவிரியில் ஒப்பந்தங்களின் கதை ஒன்று, பற்றாக்குறைப் பங்கீடு எப்படி நடக்கிறது என்பது இன்னொன்று, இவை இரண்டு பதிவாக நிற்கும். ஒரே வாதத்தை நடுவில் வெட்டிப் பிரிப்பதாக இருந்தால் வேண்டாம், நீளமாகவே போட்டுவிட்டு மேலே ஒரு வரியில் இது பதினேழு நிமிடம் ஆகும் என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். பிறகு படிக்கிறேன் என்று எடுத்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு, அவர்கள் நல்ல வாசகர்கள்.

எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது

இதெல்லாம் உங்கள் வாசகருக்குப் பொருந்துகிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, இலவசமாகவே பார்க்கலாம். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸில் "சராசரி ஈடுபாட்டு நேரம்" என்ற எண், உங்கள் பக்கம் திரையில் முன்னால் திறந்திருந்த நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறது, பின்னால் எங்கோ திறந்து கிடந்த டேபைச் சேர்க்காது. அதை உங்கள் பதிவின் நிமிடக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஆறு நிமிடப் பதிவில் சராசரி 50 விநாடி என்றால் கவலைப்பட வேண்டும், இரண்டரை நிமிடம் என்றால் நன்றாகவே போகிறது, ஏனென்றால் வந்ததும் திரும்பியவர்களையும் சேர்த்த சராசரி அது. அதிலேயே ஸ்க்ரோல் என்ற கணக்கும் வரும், ஒருவர் பக்கத்தில் 90 சதவீத ஆழத்துக்குப் போனால்தான் அது பதிவாகும். ஆனால் 90 சதவீதம் போனவர் எல்லாம் படித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அடியில் இருக்கும் போன் நம்பருக்காகத் தள்ளிக்கொண்டே போனவரும் அதில் இருப்பார். ஸ்க்ரோலையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளியும்.

மைக்ரோசாஃப்ட்டின் கிளாரிட்டி என்ற கருவி இன்னும் நேரடியாகக் காட்டும். பக்கத்தின் எந்த உயரம் வரை எத்தனை சதவீதம் பேர் வந்தார்கள் என்று நிறத்தால் காட்டுகிற வரைபடம் அதில் இருக்கிறது. நீளத்தைப் பற்றி உருப்படியாக எதையாவது சொல்லக்கூடியது அந்த வரைபடம்தான். சதவீதம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் அது இயல்பு, எல்லாப் பதிவிலும் அப்படித்தான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் திடீரென்று சரிந்தால் அந்தப் பத்தியைத் திறந்து படியுங்கள். அநேகமாக அங்கே ஒரு வரையறைப் பத்தி இருக்கும், அல்லது பெரிய படம் ஒன்று முடிவு மாதிரி தோன்ற வைத்திருக்கும், அல்லது வாசகருக்கு வேண்டிய பதில் அதற்குச் சற்று முன்னாலேயே கிடைத்து முடிந்திருக்கும். கடைசிக் காரணம் என்றால் சந்தோஷப்படுங்கள், அதற்குக் கீழே இருப்பதை வேறு பதிவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக எழுதுவதற்கு முன் பழைய பதிவுகளில் இதைச் செய்து பாருங்கள். அதிகம் பேர் வந்தும் ஈடுபாட்டு நேரம் குறைவாக இருக்கும் ஒரு பதிவை எடுத்து, முகவரியை மாற்றாமல், முன்னுரையை வெட்டி, பதிலை மேலே கொண்டுவந்து, வால்களை நறுக்கி அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். ஒரு மாதம் விட்டு எண்களைப் பார்த்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போகலாம்.